கூப்பாட்டுக்கு ரசீது

“‘குய்யோ முறையோ’ என்பதன் பொருள் யாது? அதன் தோற்றம் யாது? பொதுமக்களை இழிவுபடுத்தும் சொல்லாயின், எழுதியவர்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? ஏழு தினங்களுக்குள் தெரிவிக்கவும்.”

பச்சை மையில் நான்கு வரி. மேலிடத்திலிருந்து திரும்பி வந்த கோப்பைப் படித்ததும் அந்தோணி பிரபுவுக்கு மின்விசிறிக்கு அடியிலேயே வியர்த்தது.

காரைக்குடிக்கும் பள்ளத்தூருக்கும் இடையில் ஒரு பேரூராட்சி அலுவலகம். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் இன்னும் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். நடந்தது தொண்ணூற்று நான்காம் வருடம்.

“என்னப்பா எழுதித் தொலைச்சே?” என்றார் செயல் அலுவலர் நாச்சியப்பன். அந்த அலுவலகத்தில் அவர்தான் பெரியவர்.

“நீங்கதான் சார், ராக்காயியைப் பத்தி மேலிடத்துக்கு ஒரு ரிப்போர்ட் எழுதுன்னு சொன்னீக.”

“எழுதச் சொன்னேன். இலக்கியம் படைக்கச் சொன்னேனா? ‘கூச்சல் போடுகிறார்’னு எழுதியிருந்தா முடிஞ்சு போச்சு. ‘திங்கள்தோறும் குய்யோ முறையோ என்று கத்தி அலுவல்களுக்கு இடையூறு செய்கிறார்’ங்குறே. வந்திருக்கிற புது அதிகாரி தமிழ்ல எம்.ஏ.வாம். விடுவாரா?”

பிரபு அங்கே இளநிலை உதவியாளர். சேர்ந்து இரண்டு வருடம் ஆகி, புரொபேஷன் என்கிற தகுதிகாண் பருவமும் முடிந்துவிட்டது. முடிந்தது என்று உத்தரவுதான் வரவில்லை. காரணம், அவனுடைய சர்வீஸ் புத்தகத்தைக் காணோம். ஓர் அரசு ஊழியன் எப்போது பிறந்தான், எப்போது வேலைக்கு வந்தான், எத்தனை நாள் லீவு போட்டான் எல்லாம் அந்த ஒரு புத்தகத்தில்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் சர்க்காரைப் பொறுத்தவரை பிரபு பிறக்கவே இல்லை.

“உறையில வச்சு, சீல் போட்டு, செவப்பு நாடாவால மூணு முடிச்சுப் போட்டு நானே பஸ் ஏறிப் போயி மேலிடத்துல குடுத்துட்டு வந்தேன் சார். பிள்ளையார்பட்டி பிள்ளையார் மேல சத்தியம்” என்பான் பியூன் பெத்தன். போன மாதம் கேட்டபோது குன்றக்குடி முருகன்மேல் சத்தியம் செய்திருந்தான். மேலிடமோ, அப்படி ஒன்று வரவே இல்லை என்றது.

உத்தரவு வந்தால்தான் கல்யாணம். பள்ளத்தூரில் தமிழாசிரியராக இருந்த சூசைமரியான் தன் மகள் பெனிட்டாவைப் பிரபுவுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் ஒரு நிபந்தனை.

“வேலை நிரந்தரம்னு காகிதம் வரட்டும் தம்பி. அப்பறம் கோயில்ல ஓலை வாசிக்கச் சொல்லுவோம்.”

மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் கல்யாண ஓலையை வாசித்த பிறகுதான் தாலி கட்ட முடியும். நவம்பர் கடைசியில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் வந்துவிட்டால் கல்யாணம் கிடையாது. அக்டோபர் முடிவதற்குள் உத்தரவு வரவேண்டும். இப்போது செப்டம்பர் பாதி. புத்தகத்தைக் காணோம் என்பதே போதாதென்று, இப்போது பச்சை மை வேறு.

ராக்காயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலைக் கொல்லையில் கூலி வேலை பார்க்கிறவள். வயது ஐம்பது இருக்கும். ஆள் சிறுசு, குரல் பெரிசு. திங்கட்கிழமை மனுநாள். சரியாகப் பதினோரு மணிக்கு ஒரு மஞ்சள் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அலுவலகப் படியில் கால் வைப்பாள். பெத்தன் கையை நீட்டி மறிப்பான்.

“மனு எங்க?”

“மனு இல்ல. பெரிய ஆபீசரைப் பாக்கணும்.”

“மனு இல்லாம உள்ள விடக் கூடாது. அந்தா மரத்தடியில மாயக்கண்ணன் உக்காந்திருக்காரு. எழுதி வாங்கிட்டு வா.”

“எனக்குத்தான் ஒரு கொறையும் இல்லையே. நான் எதுக்கு மனு எழுதணும்?”

இந்தக் கேள்விக்குப் பெத்தனிடம் விதி இல்லை. விதி இல்லாத இடத்தில் அவன் குறுக்கே கையை வைத்துக்கொண்டு நிற்பான். ராக்காயி நாலடி பின்வாங்குவாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுவாள். அப்புறம் ஆரம்பிப்பாள்.

அதைச் சும்மா கத்தல் என்று சொன்னால் பாவம். முதலில் தெருவைக் கூப்பிடுவாள், பிறகு சாமியை, கடைசியாகத்தான் சர்க்காரை. எங்கே மூச்சு வாங்குகிறாள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு கெட்ட வார்த்தை வராது. காற்று வாட்டமாக அடித்தால் கோவிலூர் வரைக்கும் கேட்கும் என்பது பெத்தனின் கணிப்பு.

“ஏய்யா ஆபீசு நடத்துறவகளே! ஒரு மனுசன் பொழப்புய்யா இது! கேக்க நாதி இல்லையா? இது முறையா?”

உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அதற்குள் பெத்தன் ஓடி ஓடி ஏழு ஜன்னல்களையும் சாத்தியிருப்பான். நாச்சியப்பன் மின்விசிறியை ஐந்தில் வைப்பார். பிரபு தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, தாளே இல்லாமல் அடித்துத் தள்ளுவான். ஆறு திங்கட்கிழமைகளாக இதுதான் அந்த அலுவலகத்தின் நடைமுறை.

பிரபு முதல் பதிலை எழுதினான். “மேற்படிச் சொல் பேச்சு வழக்கு. உரத்த கூச்சல் என்பது பொருள். இதில் இழிவு ஏதுமில்லை.”

மற்றக் கோப்புகளெல்லாம் மாட்டு வண்டியில் போய்வர, இது மட்டும் மூன்றே நாளில் திரும்பி வந்தது. “பேச்சு வழக்குச் சொல் அலுவலக அறிக்கையில் இடம்பெற்றது ஏன்? தோற்றம் குறித்து விடை இல்லை. ஆதாரத்துடன் விளக்குக. விளக்கம் திருப்தியளிக்காவிடில் எழுதியவரின் தகுதிகாண் பருவம் ஆறு மாதம் நீட்டிக்கப்படும்.”

“ஆறு மாசமா?” என்று பிரபு நாற்காலியில் சாய்ந்துவிட்டான்.

“ஒங்க மாமனாரு தமிழ் வாத்தியாருதான சார்? போய்க் கேளுங்க” என்றான் பெத்தன்.

எந்த மனிதரிடம் இந்தச் சங்கதியை மறைக்க வேண்டுமோ அவரிடமே போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று. சூசைமரியான் கோபப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஓய்வு பெற்று நான்கு வருடமாக அவரிடம் யாரும் எந்தச் சொல்லுக்கும் அர்த்தம் கேட்டதில்லை.

“முறைன்னா நீதி தம்பி. நியாயம் கெட்டுப்போச்சுன்னா ராஜா வாசல்ல போயி நின்னு ‘முறையோ!’ன்னு கூப்பாடு போடுறது. இது முறைதானா, நீயே சொல்லுன்னு அர்த்தம். நாம மனுவுல ‘முறையிடுகிறேன்’னு எழுதுறோமே, அதே முறைதான்.”

“அப்ப குய்யோ?”

“கூவுறதுல இருந்து வந்திருக்கும்னு நான் நெனைக்கிறேன். அடிச்சுச் சொல்ல மாட்டேன். வேற மாதிரி சொல்றவுகளும் இருப்பாக.” அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. “பாரேன், இன்னிக்கு யாராச்சும் கத்துனா கேவலமா ‘என்னடா குய்யோ முறையோங்கிற’ன்னு வாயை அடைக்கிறோம். ஆனா அது ராஜாவையே நிக்க வச்சுக் கேட்ட கேள்வி. கன்னை இழந்த பசுவுக்கு அடிக்க ஒரு மணியாச்சும் இருந்துச்சு. ஒங்க ராக்காயிக்குத் தொண்டைதான் இருக்கு.”

பிரபுவுக்கு மேல் சிலிர்த்தது. பதினெட்டுப் பக்கம் எழுதித் தருவதாகச் சொன்ன சூசைமரியான், வாசல்வரை வந்து இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, சொல்லுக்கு அர்த்தம் புத்தகத்தில் பாதிதான் இருக்கும், சொல்கிறவர்களிடம் போய்க் கேள். இரண்டு, இன்னும் ஆறு மாசம்னா பெனிட்டாவுக்கு வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும்.

சனிக்கிழமை பிரபு ராக்காயி வேலை பார்க்கும் கொல்லைக்குச் சைக்கிளில் போனான். கடலை பறித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“ஆபீசுல இருந்து வர்றேன்.”

“வந்துட்டீகளா! பெரிய ஆபீசரு அனுப்புனாரா?” முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“இல்லம்மா. ஒரு வார்த்தையைப் பத்திக் கேக்கணும். நீங்க வாசல்ல கத்துறீகளே…”

“எதுக்குக் கத்துறேன்னு கேளுங்க, சொல்றேன்.”

“அது இருக்கட்டும்மா. அது வேற கோப்பு. எப்பிடிக் கத்துறீகங்கிறதுதான் எனக்கு இப்ப வேணும்.”

ராக்காயி அவனை மேலும் கீழும் பார்த்தாள். படித்த பிள்ளைகளுக்கு இப்படியும் ஒரு வியாதி வரும் போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டிருக்க வேண்டும்.

“வயித்துல இருந்து வரணும் தம்பி. தொண்டையில இருந்து வந்தா அது புளுகு. ‘முறையா’ன்னு கேக்கும்போது எதுக்க நிக்கிறவுக கண்ணைப் பாக்கணும். ஒங்க ஆபீசுல எங்க, சன்னலைத்தான் பாக்க முடியுது.”

பிரபு குறிப்பெடுத்தான். உட்கார இடம் தேடி, தாழ்ந்த வேப்பங்கிளையில் தலையில் இடிக்கிற மாதிரி தொங்கிய மஞ்சள் பையை ஓரமாக நகர்த்தப் போனான்.

“தொடாதீக! அது ஆபீசரு கையிலதான் சேரணும்.”

“மனுவா?”

“எனக்கு என்ன கொறை, மனு எழுதுறதுக்கு?”

பேச்சு மறுபடியும் அங்கேயே வந்து நின்றதால் பிரபு நோட்டை மூடினான். அந்த நேரத்தில் அவளுக்குத் தன் புருஷன் வீரணனைக் கஞ்சி குடிக்கக் கூப்பிட வேண்டியிருந்தது. வீரணன் கண்மாய்க்கு அக்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தான். ராக்காயி எழுந்து நின்று ஒரே ஒரு குரல் கொடுத்தாள். கண்மாயில் இருந்த கொக்கு அத்தனையும் கிளம்பின. அக்கரையில் வீரணனோடு இன்னும் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இப்படி ஒரு குரலுக்கா ஜன்னலைச் சாத்தினோம் என்று பிரபுவுக்கு வெட்கமாகிவிட்டது. அன்றைக்கு அவன் சைக்கிளை மிதித்தது ஓர் உதவியாளனாக அல்ல, ரசிகனாக.

அந்த வேகத்தில் பதில் எழுதினான். சூசைமரியானின் பதினெட்டுப் பக்கத்தையும் இணைத்தான். முடிவில் தன் சொந்தக் கைச்சரக்காக ஒரு வாக்கியம்: “ஆகவே குய்யோ முறையோ என்பது இழிசொல் அன்று. அது எழுதப்படிக்கத் தெரியாதவர் நீதி கேட்டுத் தரும் வாய்மொழி மனுவே ஆகும்.”

“பிரமாதம்” என்று நாச்சியப்பன் கையெழுத்துப் போட்டார். படித்துவிட்டுப் போட்டிருக்கலாம்.

பச்சை மை மகிழ்ந்துபோய்த் திரும்பி வந்தது. “விளக்கம் ஏற்கப்பட்டது. மனு எனில், அதைப் பதிவேட்டில் பதிந்து ரசீது வழங்கினீர்களா? இனி அலுவலக வாசலில் எழுப்பப்படும் கூப்பாடுகள் அனைத்தையும் தனிப் பதிவேட்டில் பதிந்து ரசீது தருக. வாரந்தோறும் நகல் அனுப்புக.”

நாச்சியப்பன் தலையில் கை வைத்தார். “சும்மா கெடந்த சங்கை ஊதி விட்டுட்டியேப்பா.”

பதிவேடு திறக்கப்பட்டது. வரிசை எண், பெயர், குறை, கூப்பாட்டின் தன்மை. கடைசிக் கட்டத்தில் ‘உரக்க’ அல்லது ‘மிக உரக்க’ என்று எழுத வேண்டும். எண் ஒன்றில் ராக்காயியின் பெயரை எழுதினான் பிரபு. குறை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று பெத்தனைக் கேட்டான்.

“கொறை இல்லைன்னுதான் சார் அந்தம்மா எப்பவும் சொல்லும்.”

‘இல்லை’ என்று எழுதினான். சர்க்கார் வேலையில் பொய் எழுதக் கூடாது.

கத்தினால் ரசீது என்ற செய்தி ஊருக்குள் ஒரே நாளில் பரவியது. அடுத்த திங்கட்கிழமை வாசலில் எண்பது பேர். தெருவிளக்கு, சாக்கடை, பக்கத்து வீட்டுத் தென்னை ஓலை, ஓடிப்போன கிடா என்று ஆளுக்கொரு கூப்பாடு. குரலே எழும்பாத ஒரு சாதுவான மனிதர் கிட்டே வந்து பெத்தனின் காதில் எதையோ சொன்னார்.

“இது கூப்பாட்டுல சேராதுய்யா. இன்னுங் கொஞ்சம் ஏத்துங்க” என்றான் பெத்தன்.

மனு எழுதும் மாயக்கண்ணனின் பிழைப்பில் மண் விழுந்தது. அவர் முப்பத்திரண்டாவது ஆளாக வந்து, தன் தொழில் போச்சே என்று கத்தி ரசீது வாங்கிக்கொண்டு போனார். அதற்கு அடுத்த வாரம் மரத்தடியில் பேனாவை மூடி வைத்துவிட்டு, எப்படிக் கத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். “மொதல்ல தெருவு, அப்பறம் சாமி, கடைசியில சர்க்காரு. வரிசையை மாத்திராதீக.” எல்லாம் ராக்காயியைப் பார்த்துப் படித்த பாடம்தான்.

அன்று பத்தாவது திங்கள். ராக்காயி வந்து இந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். முந்தானையைச் செருகினாள். அவள் குரல் எழும்பியதும் எண்பது குரலும் தானாக அடங்கிவிட்டன. நாலைந்து பேர் கைதட்டினார்கள். பெத்தன் மரியாதையாக ரசீதை நீட்டினான்.

“இது எதுக்கு எனக்கு? நான் குடுக்க வந்தவ, வாங்க வரல!”

‘ரசீது பெற மறுத்துவிட்டார்’ என்று பெத்தன் சொல்ல, பிரபு எழுதிக்கொண்டான்.

வியாழக்கிழமை பச்சை மை மறுபடி வந்தது. இந்தத் தடவை அதில் மகிழ்ச்சி இல்லை. “வரிசை எண் ஒன்று, ராக்காயி. குறை ‘இல்லை’ எனப் பதியப்பட்டுள்ளது. குறையில்லாதவர் பத்து வாரமாகக் கூப்பாடு போடுவது எங்ஙனம்? இதுவரை ஒருவரும் அவரிடம் கேட்கவில்லையா? செயல் அலுவலரே நேரில் கேட்டறிந்து தெரிவிக்கவும். தவறினால் உதவியாளரின் தகுதிகாண் பருவம் நீட்டிக்கப்படும்.”

நாச்சியப்பன் பிரபுவைப் பார்த்தார். பிரபு பெத்தனைப் பார்த்தான். பெத்தன் ஜன்னலைப் பார்த்தான்.

“அந்தம்மாவுக்கு என்னதான்ப்பா வேணுமாம்?” என்றார் நாச்சியப்பன்.

“கேக்கலை சார்.”

“கொல்லை வரைக்கும் போனியே!”

“வார்த்தையைத்தான் சார் கேட்டேன். சொல்றேன்னாக. வேற கோப்புன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

சொல்லும்போதே அவனுக்குத் தன்மேல் ஆத்திரம் வந்தது. சொல்லின் வேரைத் தேடி ராஜா காலத்து வாசல் வரைக்கும் போய் வந்தவன், தன் அலுவலக வாசலில் நின்றவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணம் நின்றாலும் சரி, இதை முதலில் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. தோன்றிய மறு நிமிஷமே பெனிட்டாவின் முகமும் வந்தது.

பதினோராவது திங்கட்கிழமை. காலையிலேயே நாச்சியப்பன் பிள்ளையார்பட்டிக்குப் போய்ச் சிதறுகாய் போட்டுவிட்டு வந்திருந்தார். ஏழு ஜன்னல்களும் திறந்திருந்தன. மின்விசிறியை நிறுத்தியாயிற்று. தட்டச்சு இயந்திரத்தின்மேல் உறை. கூட்டத்தைப் பெத்தன் மரத்தடிக்கு அனுப்பிவிட்டான்.

பதினோரு மணிக்கு ராக்காயி வந்தாள். நாலடி பின்வாங்கினாள். முந்தானையில் கை வைத்தாள். அதற்குள் நாச்சியப்பன் படியிறங்கி அவள் எதிரே போய் நின்றார்.

“சொல்லுங்கம்மா. என்ன வேணும் ஒங்களுக்கு?”

“நீங்கதான் பெரிய ஆபீசரா?”

“ஆமா.”

“நெசமாவா?” அவள் பெத்தனைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான்.

ராக்காயி மஞ்சள் பைக்குள் கையை விட்டாள். பழைய சேலைத் துணியில் பத்திரமாகச் சுற்றிய ஒரு கட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். இப்போது அவள் கத்தவில்லை. கண்ணுக்கு எதிரே கண் இருந்ததால் குரல் தானாக இறங்கியிருந்தது.

“ஆடிக் கடைசியில பஸ்ஸுல சீட்டுக்கு அடியில கெடந்துச்சு அய்யா. கண்டக்டரு மேல எழுதியிருந்ததையும் ஒங்க ஆபீசு முத்திரையையும் பாத்துட்டு, இது எவனோ ஒரு உத்தியோகக்காரன் பொழப்பும்மா, இந்த ஆபீசுலதான் சேக்கணும், பெரிய ஆபீசரு கையில தவிர வேற யாருகிட்டயும் குடுத்துராதன்னாரு. எனக்கு எழுத்துத் தெரியாது. சீலு வச்சதைப் பிரிக்கப் பயம். பதினோரு வாரமா திங்கக்கெழமைக் கூலியைக் கெடுத்துக்கிட்டு வந்து நிக்கிறேன், சன்னலைச் சாத்துறீக. பெத்த புள்ளையாட்டம் இதைச் சுமக்கிறேன். இதைத் தொலைச்ச புள்ள எங்க கெடந்து என்ன பாடுபடுதோ! இது முறையா?”

பிரபு அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். யாரென்றே தெரியாத ஒருவனுக்காகத் தெருவையும் சாமியையும் சர்க்காரையும் பதினோரு வாரம் கூப்பிட்டிருக்கிறாள். அவனுக்கு அவள் காலில் விழ வேண்டும் போலிருந்தது.

நாச்சியப்பன் சேலைத் துணியைப் பிரித்தார். பழுப்பு உறை, அரக்கு முத்திரை, குறுக்கே சிவப்பு நாடா.

பெத்தன் எட்டிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது. திரும்பிப் பிரபுவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“சார், மூணு முடிச்சு… இது ஒங்க சர்வீஸ் புக்கு சார்.”